க்ளூ: மூன்றாவது எடுத்துக்காட்டு

ஜூன் 3

அக்கா,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நீங்கள் ஏழு பேர் சேர்ந்து போடுகிற அகராதி, அச்சுக்கு எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. இங்கே புரூஃப் பார்க்கிற மூன்று பேரில் நான் ஒருத்தி. ‘க’ வரிசை என் மேசைக்கு வந்தது. பக்கம் 212, இரண்டாம் பத்தி. நீ எழுதிய பதிவுதான், நடையிலேயே தெரிகிறது.

“க்ளூ: 1. புதிர், வினாடி வினா முதலியவற்றில் விடையை நெருங்கத் தரும் குறிப்பு. 2. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் தடயம், துப்பு. 3. (எதிர்மறையில் மட்டும்) சிறிதளவு தெளிவு.”

மூன்றாவது பொருளுக்கு இந்த எடுத்துக்காட்டு: “அவரைப் பிடித்திருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு ஒரு க்ளூவும் இல்லை.” அடைப்புக்குறிக்குள் ‘தனிக் கடிதம்’.

அது நான் உனக்கு எழுதிய கடிதம்.

அந்த மார்ச் மாதம், எனக்குப் பார்த்திருந்த நில அளவையாளரின் அம்மா நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். பெயர் இல்லை, கம்ப்யூட்டரில் அடித்தது. “உங்க பொண்ணு எழுதினதுதானான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க.” என் இரண்டு வரி அதில் இருந்தது. கீழே, ‘இதுதான் அந்தப் பெண் தன் அக்காவுக்கு எழுதியது. யோசித்து முடிவெடுங்கள்.’ எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். இல்லை என்று பொய் சொல்ல முடியுமா? நிச்சயம் செய்த தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அடுத்த சனிக்கிழமை நீ வந்தாய். என் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்தாய். “நான் ஒரு ஈ காக்காவுக்குக் காட்டல. எம்மேல சத்தியமா.” நான் பாதி நம்பினேன். நம்பாத பாதியோடுதான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

ஈ காக்காவுக்குக் காட்டாத கடிதம் பக்கம் 212-க்கு எப்படி வந்தது?

போன் செய்யாதே. உன் எண்ணை இன்னும் தடையில்தான் வைத்திருக்கிறேன். போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். தாளில் எழுது. தாளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்க முடியும்.

தங்கை

*

ஜூன் 7

என் சின்னவளுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் என் நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றாமல், நின்றபடியே பிரித்தேன். படித்த பிறகு உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாக உன் கடிதத்துக்குக் காத்திருந்தவளுக்கு இப்படி ஒன்று வர வேண்டும் என்று இருந்திருக்கிறது.

கேட்டதற்குப் பதில்: ஆமாம், நான்தான் எடுத்தெழுதினேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். சொந்தமாக வாக்கியம் இட்டுக்கட்டக் கூடாது. யாரோ எங்கோ உண்மையில் எழுதியதைத்தான் சீட்டில் எடுத்தெழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு. ‘க்ளூ’வின் முதல் இரண்டு பொருளுக்கும் பத்திரிகைகளில் வண்டி வண்டியாகக் கிடைத்தது. மூன்றாவதை எல்லோரும் வாயால் சொல்கிறார்கள், ஒருவரும் எழுதுவதில்லை. பஸ்ஸில் கேட்கிறேன், லிஃப்டில் கேட்கிறேன், ‘எனக்கு ஒரு க்ளூவும் இல்லப்பா.’ கேட்டதெல்லாம் சான்று ஆகாது, எழுத்தில் வேண்டும். மூன்று வாரம் தேடினேன். அப்போது உன் கடிதம் வந்தது. நாலாவது வரியில் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. நீ என்ன சொல்கிறாய் என்பதைப் படிக்கும் முன்பே கை சீட்டைத் தேடிப் போய்விட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

எடுத்து எழுதினேன், மறந்தும் போனேன். நாற்பதில் ஒன்று. உன் பெயர் அதில் இல்லை. ‘க’ வரிசை முழுக்க எத்தனையோ பேரின் வரிகள் இருக்கின்றன, யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. நீ ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாய்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்த ஊரில் எத்தனையோ அச்சகம். புரூஃப் பார்ப்பவர்கள் உன்னோடு மூன்று பேர். சரியாக அந்த வரிசை உன் மேசைக்கு எப்படி வந்தது? நீயாகக் கேட்டு வாங்கினாயா?

சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அம்மாவிடம் கேட்டால் ‘அவ சொன்னாத்தானே’ என்கிறாள்.

அக்கா

*

ஜூன் 10

அக்கா,

நானாகக் கேட்டு வாங்கவில்லை. மேற்பார்வையாளர் மூன்று கட்டுகளை மேசைமேல் போட்டார், என் பக்கம் இருந்ததை எடுத்துக்கொண்டேன். நம்புவதும் நம்பாததும் உன் பாடு. நான் இரண்டு வருஷமாக அந்தப் பாட்டில்தான் இருக்கிறேன்.

உன் பதிவில் சொல்லின் பிறப்பை அழகாக எழுதியிருக்கிறாய். ஆங்கிலத்தில் முதலில் அது வெறும் நூல் உருண்டை. உள்ளே போனவர் திரும்ப முடியாத மாளிகைக்குள் ஒருவன் நூலைப் பிரித்துவிட்டபடி போய், அதே நூலைப் பிடித்து வெளியே வந்ததாக ஒரு பழைய கதை. அதனால் வழிகாட்டுகிற எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் தமிழ்ப் பொருளில் ஒரு குறை. குறிப்பு, தடயம், துப்பு மூன்றையும் ஒரே மாதிரி அடுக்கியிருக்கிறாய். குறிப்பு என்பது ஒருவர் தெரிந்தே கொடுப்பது. தடயம் தெரியாமல் விட்டுப்போவது. துப்பு, தேடுகிறவருக்குக் கிடைப்பது. ஆங்கிலச் சொல் மூன்று வேலையையும் ஒண்டியாகப் பார்க்கிறது, அதனால்தான் நாம் அதை விடாமல் வைத்திருக்கிறோம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். இது வேலை.

இனி மற்றது. நான் உனக்கு எழுதிய வாக்கியம் முழுதாக இது:

‘அவரைப் பிடித்திருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு ஒரு க்ளூவும் இல்லை, ஆனால் அவர் பேச்சை முடித்துவிடக் கூடாதே என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தது.’

அன்று அவர் சதுப்பு நிலத்தை எப்படி அளப்பது என்று முக்கால் மணி நேரம் சொன்னார். ஈரம் வற்றும்போது எல்லையும் நகருமாம். என் மனசைப் பற்றி எழுதும் இடத்தில் மட்டும் ஆங்கிலச் சொல்லைப் போட்டேன். தமிழில் எழுதினால் உறுதியாகிவிடும் என்ற கூச்சம். அடுத்த பாதியைத் தமிழில்தான் எழுதினேன்.

அந்த மொட்டைத் தாளில் அடுத்த பாதி இல்லை. அன்றைக்கு அதை நான் சொல்லிப் பார்த்தேன். ‘இப்ப சேத்துக்கிட்டா ஆச்சா’ என்றார் அந்த அம்மா. யார் வெட்டினார்கள் என்று இரண்டு வருஷமாக யோசித்தேன். உன் பதிவிலும் அதே இடத்தில் வெட்டியிருக்கிறது. அதே இடத்தில் முற்றுப்புள்ளி. ஆகவே அந்தத் தாளை அடித்தவர் என் கடிதத்தைப் பார்க்கவில்லை. உன் சீட்டைப் பார்த்திருக்கிறார். அல்லது அடித்தது நீ.

சீட்டின் பின்பக்கம் எடுத்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டம் இருக்கும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாய். இரண்டாவது கட்டத்தில் யாருடைய இனிஷியல், என்ன தேதி? இவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

தங்கை

*

ஜூன் 14

சின்னவளே,

விசாரணை அதிகாரி மாதிரி எழுதாதே. நான் உன்னைவிட ஆறு வயது பெரியவள். உனக்குத் தலைவாரிப் பின்னல் போட்டவள்.

நான் அடித்தேனா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத மாட்டேன்.

வெட்டியது தப்புத்தான். நீண்ட வாக்கியத்தை, சொல்லுக்கு வேண்டிய அளவுக்குச் சுருக்குவது எங்கள் வழக்கம். சுருக்கிய இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும். வைக்கவில்லை. அன்றைக்கு முப்பத்தேழாவது சீட்டோ, முப்பத்தெட்டாவதோ.

போன கடிதத்தில் மறந்துபோனேன் என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. உன் முன்னால் சத்தியம் செய்தபோது மறந்திருந்தேன். ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஞாபகம் வந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. நீ ஏற்கெனவே என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்திருந்தாய். கையில் திருட்டுப் பொருளோடு திரும்பி வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

பின்பக்கத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் போவதில்லை. அந்த அறையில் ஏழு பேர், டீ கொண்டுவருகிறவர், கூட்டுகிற அம்மா. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

இப்போது நான் கேட்கிறேன். அம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள், இல்லையா? ஜூலை 5 பதிவு அலுவலகத்தில் எனக்குக் கல்யாணம். எங்கள் அலுவலகத்துச் சல்லடையோடுதான். ஒரு சீட்டையும் சலிக்காமல் விடமாட்டார் என்பதால் அகராதி ஆசிரியர் வைத்த பெயர், அவரே ‘சல்லடை பேசறேன்’ என்றுதான் போனை எடுப்பார். நீ பேசாமல் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் துணை அவர்தான். நான் உன்னைப் பற்றிப் புலம்பினால் முழுதும் கேட்பார். இரண்டு வருஷம் வாயைத் திறக்காத நீ, சரியாக ஒரு மாதம் இருக்கும்போது புரூஃப் கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாய். சரிபார்த்தவர் யார் என்று கேட்கிறாய். சரிபார்ப்பதே அவர் வேலை என்பது உனக்குத் தெரியாதா? உனக்கு நடக்காதது எனக்கும் நடக்கக் கூடாதா?

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

அம்மா சொல்லவில்லை. உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். நீயே சொல்லட்டும் என்று அம்மா விட்டிருப்பாள்.

நீ அவரைச் சல்லடை என்கிறாய். எனக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். ‘எங்கூட ரூம்ல இருந்தவன், நல்ல பையன், உங்க தங்கச்சிக்குப் பாக்கலாமா’ என்று உன்னிடம் சொல்லி, நில அளவையாளரின் ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர். வரன் கொண்டுவந்தவர்.

நான் யார் பெயரையும் எழுதவில்லை. இனிஷியல் கேட்டேன். நீதான் பெயரோடு பதில் எழுதியிருக்கிறாய்.

பின்பக்கத்தைப் பார்க்கப் போவதில்லை என்கிறாய். பிறந்ததிலிருந்து உன்னைத் தெரியும். கடையில் வாங்கிய சோப்பு உறையின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் கீழே வைக்காதவள் நீ.

உனக்கு நடக்கக் கூடாதா என்று கேட்டாயே, அந்த வரியை எனக்கு எழுதியிருக்க வேண்டாம்.

இனி நானாக எழுத மாட்டேன்.

தங்கை

*

ஜூன் 24

சின்னவளுக்கு,

பார்த்தேன்.

அவருடைய இனிஷியல்தான். பிப்ரவரி 24. உன் கடிதம் எனக்கு வந்தது 19-ஆம் தேதி. அந்தத் தாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது மார்ச் 2 என்று அப்பா சொன்ன ஞாபகம். அப்போதெல்லாம் சரிபார்த்த சீட்டுகள் பொது அலமாரிக்கு வராது. மே மாதம் அடுக்க ஆரம்பிக்கும்வரை அவர் மேசைக்கு அடியில் ஒரு செருப்புப் பெட்டியில் இருந்தன. வேறு ஒருவர் கையும் பட்டிருக்க முடியாது. சீட்டில் நான் எழுதியிருந்த மூலம், ‘தங்கையின் கடிதம்’. அச்சில்தான் ‘தனிக் கடிதம்’ ஆயிற்று. அதை மாற்றியதும் அவர் கைதான்.

இதெல்லாம் எனக்குப் பத்தாம் தேதிக் கடிதம் வந்தபோதே தெரியும் என்று நீ நினைப்பாய். தெரியாது. ஆனால் தெரிந்துவிடும் என்று தெரியும். அதனால்தான் அலமாரிப் பக்கம் போகாமல் இருந்தேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, சீட்டை அவர் முன்னால் வைத்தேன். பழைய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. அங்கேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“நான் பொய் எதுவும் அனுப்பலையே” என்றார். “நீ எழுதின சீட்டு. ஒரு எழுத்து மாத்தல.”

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். வரனைக் கொண்டுவந்தது அவர். பெண்ணுக்கு விருப்பமில்லை என்று சீட்டில் படிக்கிறார். நண்பனிடம் சொல்லாமல் இருப்பது துரோகம் என்று பட்டதாம். என்னிடம் கேட்டிருந்தால் மூலக் கடிதத்தைக் காட்டியிருப்பேனே என்றேன். எடுத்துக்காட்டுகளை மூலத்தோடு ஒப்பிடுவதுதான் அவர் வேலை, அன்று மட்டும் ஒப்பிடவில்லை. தனிக் கடிதம் என்பதால் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். அப்படியானால் பெயர் போட்டு அனுப்பியிருக்கலாமே என்றேன்.

சீட்டுக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக வைத்தார்.

“பேர் போட்டிருந்தா, நீ அப்புறம் எங்கிட்ட பேசியிருப்பியா?”

சின்னவளே, அதுவரைக்கும் நான் அவருக்காகக் காரணங்கள் தேடிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே தேடினேன், கிடைக்கவும் செய்தன. நண்பனுக்காகப் பதறினார், தப்பாகப் புரிந்துகொண்டார், பயந்துவிட்டார் என்று. அந்த ஒரு வரிக்குப் பிறகு எதுவும் நிற்கவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை ‘யார்தான் இப்படிப் பண்ணியிருப்பா’ என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். அவரும் என்னோடு சேர்ந்து யோசித்தார். ஒருமுறை, உன் சிநேகிதிகளில் யாராவது இருக்குமோ என்று அவரே சொன்னார்.

ஜூலை 5 வேண்டாம் என்றேன்.

“ஒரு சீட்டுக்காகவா?” என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

மறுநாள் ஆசிரியரிடம் போய், அந்த எடுத்துக்காட்டில் வெட்டு முறையாகக் காட்டப்படவில்லை, எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். உண்மைதானே. அவருக்கும் எனக்கும் நடுவில் இப்போது ஒரு மேசை அகலம்தான். காலையில் வந்ததும் இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். மற்ற ஐந்து பேரும் எங்களைப் பார்க்காமல் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. நீ கேட்கவில்லை, ஆனால் தெரிந்தும் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு வெட்டுத்தான். நில அளவையாளருக்குப் போன வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. குழந்தை பிறந்திருக்கிறது.

வீட்டுக்கு இன்னும் எதையும் சொல்லவில்லை. பத்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். அம்மாவிடம் போனால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவாள். உன்னிடம் வரலாமா? நீ என்னை நம்புகிறாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது, படுக்க இடம் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 27

அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை, எங்கே பொய் இருக்கிறது என்று தேடிப் படித்தேன். வேலைப் பழக்கம், உன் விஷயத்தில் வேறு பழக்கமும். மூன்றாவது தடவைதான் உன் குரல் கேட்டது.

அவருக்குக் குழந்தை பிறந்ததை எழுதினாய். நல்லது.

நம்புகிறாயா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு இல்லை. அனுப்பியவர் அவர், வெட்டியவள் நீ, ரயிலிலிருந்து இறங்காதவளும் நீ. இதை ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. நீ இங்கே இருக்கும் பத்து நாளில் திரும்பச் சொல்ல மாட்டேன். நீயும் நடுவில் திடீரென்று மன்னிப்புக் கேட்டு என்னை அழவைக்காதே. ஜூலை 5-ஆம் தேதி எங்கேயாவது வெளியே போகலாம். எங்கே என்று யோசித்துச் சொல்கிறேன், எனக்கும் இந்த ஊரில் அதிகம் தெரியாது.

நிலையத்திலிருந்து ஏழாம் எண் பஸ். சலவைக் கடை நிறுத்தத்தில் இறங்கிப் பக்கத்துச் சந்தில் மூன்றாவது கட்டடம், இரண்டாம் மாடி. மாடிப்படியில் ஒரு பூனை குறுக்கே படுத்திருக்கும், அதுவாக நகராது, தாண்டித்தான் வர வேண்டும். என் கட்டிலை நீ எடுத்துக்கொள். வயதில் பெரியவள் என்று எழுதியிருந்தாயே, அதற்காக.

எனக்கு ஆறு மணிவரை வேலை. நீ வெளியே காத்துக்கொண்டு நிற்க வேண்டாம். உனக்கென்று ஒரு சாவி செய்து கீழே தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். வாசல் கதவுச் சாவி மட்டும்தான். என் மேசை இழுப்பறை பூட்டியிருக்கும்.

தங்கை